எந்த ரோரி?

ஆட்டுத்தோலில் கண்ணுக்கு ஓட்டை போடவேண்டுமென்றால் தோலை ஆளின் தலையில் கவிழ்த்து, கரித்துண்டால் இடம் குறித்துக்கொண்டுதான் வெட்டவேண்டும். எஃபி வேண்டியதற்கு மேலாகவே அழுத்திக் குறித்தாள்.

"ஏ புள்ள, கண்ணு அது!"

"தெரியுது. மூணு வருசமா இருந்தும் பிரயோசனமில்லாத கண்ணு."

ரோரி பெண்டாட்டிக்கு வாகாகத் தலையைச் சாய்த்தான். அவள் கையில் கோணி தைக்கிற ஊசி இருந்தது. அவள் வாயில் அதைவிடக் கூரான ஒன்று இருந்தது.

அக்டோபரின் கடைசி நாள். பொழுது சாய்ந்ததும் தீவு முழுக்க வேஷக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் மிட்டாய்க்காகப் போவது தனி. பெரியவர்கள் போவது ஏமாற்ற. தோல், வைக்கோல், கிழிந்த வலை, பெண்டாட்டி பாவாடை என்று கையில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்காரன் நடுவீட்டில் போய் உட்காரவேண்டும். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டேதான் பேசவேண்டும். யார் என்று வீட்டுக்காரன் சொல்லிவிட்டால் முகமூடி கழலும், தின்னவும் குடிக்கவும் கிடைக்கும். சொல்லத் தெரியாவிட்டால் வந்தவன் வெறும் வாயோடு எழுந்துபோவான். வீட்டுக்காரனை ஒரு வருசத்துக்கு ஊர் கேலி பேசும். தானே முகமூடியைக் கழற்றியவன் என்று தீவில் இதுவரை ஒருத்தனும் இல்லை. ஆனால் வேஷம் கட்டி வந்தவனை வாசலோடு திருப்பி அனுப்பக்கூடாது. பகையாளியாக இருந்தாலும் கூடாது.

அந்தக் கடைசி விதியை நம்பித்தான் ரோரி தலையை ஊசிக்குக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மூன்று வருசத்துக்கு முன்னால் அவனுடைய கிடா அண்ணன் லாக்லனின் கல்சுவரை இடித்து உள்ளே புகுந்து, இரண்டு வரிசை டர்னிப் கிழங்கைத் தின்று தீர்த்தது. ஆட்டுக்கு மயிர் கத்தரிக்க ஊரே பட்டியில் கூடிய நாளில், லாக்லன் அந்தக் கிடாவைக் கயிற்றில் பிடித்துவந்து, "வளக்குறவனுக்கு எவ்வளவு அறிவோ அவ்வளவுதான் இதுக்கும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ரோரிக்கு மண்டையில் ஏறிவிட்டது. "உன் அப்பன் வேற, என் அப்பன் வேற! இனி நீ யாரோ நான் யாரோ!" என்று கத்திவிட்டான். லாக்லன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுப் போனான். அந்த வார்த்தை செத்துப்போன தாயின் மேலும் விழுகிற வார்த்தை என்பது ரோரிக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்து, பூட்ஸைக் கழற்றும்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து லாக்லன் அவன் பெயரைச் சொல்வதில்லை. பேச்சில் வந்தால் "அந்த ஆள்" என்பதோடு சரி.

அந்த ஆளுக்குக் குளிர்காலம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அடுப்புக்கு, காய்ந்தால் விறகுபோல எரியும் சதுப்பு மண் வெட்டவேண்டும். அது இரண்டு பேர் வேலை. மேலே நிற்பவன் வெட்ட, குழிக்குள் நிற்பவன் ஈரக்கட்டியை ஏந்தி மேட்டில் எறியவேண்டும். ஒரு கட்டி ஒரு கைக்குழந்தை கனம், ஒரு நாளைக்கு ஆயிரம் கட்டி. இருபது வருசம் ரோரி வெட்ட, லாக்லன் எறிந்தான். கடந்த மூன்று வருசமாக எஃபி எறிகிறாள். இப்போது காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்கும்போது அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறாள்.

"வர்ற மே மாசம் நான் குழியில இறங்கமாட்டேன்" என்றாள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "உங்க அண்ணனைக் கூட்டிட்டு வாங்க. முடியலைன்னா உங்க வீம்பை அடுப்புல வச்சு எரிங்க. மூணு வருசமா நல்லாத்தான் காஞ்சுகிடக்கு."

வேஷம் மட்டும் அவள் குறை வைக்கவில்லை. கடலோரப் புல்லைத் திரித்துச் சடை வைத்தாள். தன் பழைய பாவாடையைக் கட்டிவிட்டு மாரில் வைக்கோல் அடைத்தாள். மேலே அவனுடைய எண்ணெய்க்கோட்டை உள்புறம் வெளியாகப் போர்த்தினாள். கடற்பாசி ஆலை இயந்திரம் அவன் இடதுகைச் சுண்டுவிரலைப் பாதியோடு வாங்கியிருந்ததால், கையுறையில் அந்த விரலுக்குள் கம்பளி திணித்தாள். நடை தெரியக்கூடாதென்று வலது பூட்ஸுக்குள் ஒரு கூழாங்கல்லும் போட்டாள்.

"கல்லு குத்துது."

"குத்தட்டும்."

தபால் ரோரி வந்து கதவைத் தட்டினான். அந்தக் குடியிருப்பில் நாலு ரோரிகள். கடிதம் சுமப்பவன் தபால் ரோரி. ஜன்னல் திரையை முக்காடாகப் போட்டு, மீன் வலையில் பின்கொசுவம் வைத்து, கல்யாணப் பெண்ணாக வந்திருந்தான். மீசை திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏ எஃபி, யாரு இந்தப் பொம்பள? கண்ணுக்கு லெச்சணமா இருக்காளே" என்றான் ரோரியைப் பார்த்து.

"கூட்டிட்டுப் போ. திருப்பிக் கொண்டுவரணும்னு அவசியமில்லை."

மணி ஆறுதான் இருக்கும், ஆனால் கும்மிருட்டு. காற்று பாவாடைக்குள் புகுந்து வேலையைக் காட்டியது. பெண்கள் இதை எப்படிக் காலமெல்லாம் தாங்குகிறார்கள் என்று ரோரிக்கு முதல்தடவையாகத் தோன்றியது. லாக்லன் வீட்டுச் சுவர் மேல் வரிசையாக டர்னிப் விளக்குகள். ஒவ்வொன்றையும் கரண்டியால் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே மெழுகுவத்தி வைத்திருந்தான். டர்னிப்பைக் குடைவது கல்லைக் குடைகிற மாதிரி. லாக்லன் பொறுமைசாலி. கடைசி விளக்குக்கு மட்டும் மூக்கு ஒரு பக்கம் கோணி, காது இரண்டும் படலைக் கதவு மாதிரி விரிந்திருந்தது.

தபால் ரோரி அதன்முன் நின்றான். "இது யார் சாடை, தெரியுதா?"

"தெரியல."

"உனக்குத் தெரியாது. சவரம் பண்ணுறப்ப கண்ணாடி பாக்குறவனுக்குத் தெரியும்."

தபால் ரோரி வழக்கம்போல இரண்டு தட்டு தட்டி, பதிலுக்குக் காத்திராமல் தாழை நீக்கி உள்ளே போனான். அங்கேயே அவன் கதை முடிந்தது.

"வாங்க தபால் ரோரி" என்றான் லாக்லன், அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து அசையாமல். "கல்யாணப் பொண்ணு எவளும் ரெண்டு தட்டு தட்டி 'கடுதாசி'ன்னு உள்ள வரமாட்டா."

"நான் 'கடுதாசி'ன்னு சொல்லலையே அண்ணே!"

"சொல்லப் போனே. வாய் கோணிச்சு."

லாக்லனின் மனைவி பெகி சிரித்துக்கொண்டே அவனுக்கு ஒரு கிண்ணி விஸ்கியும், துணியில் கட்டி வேகவைத்த திராட்சை உருண்டையில் ஒரு பெரிய துண்டும் கொடுத்தாள். திரையைத் தூக்கிவிட்டுக்கொண்டு கல்யாணப்பெண் தின்ன உட்கார்ந்தாள்.

மற்றவன் நடுவீட்டில் நின்றான். பெகி ஒரு முக்காலியை இழுத்து, அடுப்பை ஒட்டியே போட்டாள். ரோரி உட்கார்ந்தான். லாக்லன் அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தான். ஒருமுறைதான். தெரிந்துவிட்டது என்று ரோரிக்குத் தெரிந்தது. இனி ஒரு பெயர்தான். அவன் சொல்வான், நான் கழற்றுவேன், வேறு பேச்சில்லாமலேயே முடிந்துவிடும் என்று நினைத்தான்.

"கையைக் குடும்மா" என்றான் லாக்லன். கொடுத்தான். லாக்லன் இடதுகையைத்தான் பிடித்தான். சுண்டுவிரலை மெதுவாக நசுக்கினான். "அய்யோ பாவம், இந்த விரல்ல எலும்பே இல்லையே. நண்டு சாதியா நீ?"

"இல்ல" என்றான் ரோரி, மூச்சை உள்ளே இழுத்து.

லாக்லன் குனிந்து தோலை மோந்து பார்த்தான். "இந்த வாடை எனக்குப் பழக்கம். என் டர்னிப்பைத் தின்ன வாடை. பெகி, அந்தக் கிடா செத்துப்போச்சா?"

"போன மாசம்" என்றாள் பெகி. "நான் சொல்லட்டுமா இது யாருன்னு?"

"சும்மா இரு. நான் தோத்தப்புறம் நீ சொல்லு." அவன் அடுப்பில் இன்னும் இரண்டு கட்டி போட்டான். "அடுத்த வீட்டு மர்டோவோட மாமியாரா?"

"இல்ல."

"பாதிரியாரா?"

"இல்ல."

"அவருக்கும் இப்படித்தான் மாரு இருக்கும். சரி, இல்ல."

தோலுக்குள் வேர்வை கொட்டியது. புல்சடை கழுத்தில் அரித்தது. கூழாங்கல் வேறு. தபால் ரோரி வாய் நிறைய உருண்டையோடு, "சீக்கிரம் அண்ணே, ஆளு உருகுறான்" என்றான்.

லாக்லன் நாற்காலியில் சாய்ந்தான். "ரோரி" என்றான்.

மூன்று வருசத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து வந்த பெயர். ரோரியின் இரண்டு கையும் தானாக முகமூடிக்குப் போனது.

"கையை இறக்கு. எந்த ரோரின்னு நான் இன்னும் சொல்லலையே."

கை இறங்கியது.

"நாலு ரோரில, ஒருத்தன் இந்தா என் வீட்டு உருண்டையைக் காலி பண்ணுறான். கருத்த ரோரி கப்பல்ல இருக்கான். சின்ன ரோரி ஆறேகால் அடி, வந்திருந்தா நிலைப்படி பேந்திருக்கும். நாலாவதா ஒருத்தன் உண்டு. அவன் யார் மகன்னு சொல்லாம பேர் சொன்னதா ஆகாது. அதானே முறை? அவன் அப்பன் பேர்தான் எனக்குத் தெரியாமப் போச்சு. எங்கப்பன் நீல் மகன்னுதான் ரொம்ப காலம் நினைச்சிருந்தேன். இல்லன்னு அவனே ஊர்கூடின இடத்துல சொல்லிட்டான்."

பெகி கரண்டியைக் கீழே வைத்தாள். தபால் ரோரி மெல்லுவதை நிறுத்தினான்.

ரோரி எழுந்துவிட்டான். கதவு நாலே எட்டில் இருந்தது. போய்விட்டால் தோற்றது லாக்லன்தான். தம்பியைத் தெரியாத அண்ணன் என்று ஊர் வருசம் முழுக்க அவனைப் பார்த்துச் சிரிக்கும். அதற்கும் துணிந்துதான் அவன் உட்கார்ந்திருக்கிறான். கேலிக்கு அஞ்சாதவனை என்ன செய்வது? இரண்டு எட்டு வைத்தான். கல் குத்தியது. காலையில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுகிறவளிடம் போய் என்ன சொல்வது? அதைவிட, இந்த வீட்டுக்கு வெளியே அண்ணனிடம் இதைச் சொல்ல அவனுக்கு எந்த நாளும் முகம் வரப்போவதில்லை. இப்போது முகம் தேவையில்லை. முகத்தில் ஆடு இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தான்.

லாக்லன், தீவில் எந்தப் புது ஆளையும் கேட்கிற கேள்வியைக் கேட்டான். "நீ யார் வீட்டுப் பிள்ளை?"

ரோரி மூச்சை உள்ளே இழுத்தான். "நீ..." என்று தொடங்கியதும் ஆட்டுமயிர் ஒன்று தொண்டைக்குள் போய், இருமல் பிடித்துக்கொண்டது. இருமி முடித்தபோது மூச்சு வெளியே வந்தது, கூடவே சொந்தக் குரலும்.

"நீல் மவன்."

"எந்த நீல்?"

"ஹெக்டர் மவன் நீல். எனக்கு வேற அப்பன் கிடையாது."

"சத்தமா. தபால்காரனுக்குக் கேக்கணும். அன்னைக்குச் சொன்னது எங்கெல்லாம் போச்சோ, அங்கெல்லாம் இதையும் அவன்தான் கொண்டுபோகணும்."

"ஹெக்டர் மவன் நீல் மவன்!" என்று கத்தினான் ரோரி. "நான் அன்னைக்குச் சொன்னது நாய் குரைச்சது!"

"கேட்டுச்சு கேட்டுச்சு" என்றான் தபால் ரோரி. "தெக்குக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும். என் வேலை மிச்சம்."

லாக்லன் எதையோ கணக்கு போடுகிறவன் மாதிரி விரலை மடக்கினான். ஆனால் ஒரே விரலையே அவன் மூன்று தடவை மடக்குவது ஆட்டுத்தோல் ஓட்டை வழியாகவே ரோரிக்குத் தெரிந்தது.

"நீலுக்கு மகனுங்க ரெண்டே பேரு" என்றான் லாக்லன். "ஒருத்தன் நான். நான் இந்தா இருக்கேன். அப்போ மிச்சம் இருக்குறது ரோரி. ஹெக்டர் மவன் நீல் மவன் ரோரி. கழட்டுலே அதை, நாத்தம் தாங்கல."

கழலவில்லை. வேர்வையில் தோல் முகத்தோடு ஒட்டிக்கொண்டது. எஃபியின் தையல் அப்படி. கடைசியில் லாக்லன் எழுந்து, ஒரு காலை முக்காலியில் ஊன்றிக்கொண்டு, கன்று ஈனும் பசுவிடம் நிற்கிற மாதிரி நின்று இழுத்தான். பிய்ந்து வந்தது. வெந்த நண்டு போலச் சிவந்த முகமும், அப்பிய ஆட்டுமயிருமாக ரோரி விழித்தான்.

"வேஷத்துல இருந்தப்பவே பாக்க சகிச்சுது" என்றாள் பெகி, துண்டை நீட்டி. "உக்காருங்க கொழுந்தனாரே. எஃபி இடுப்பு எப்படி இருக்கு? கடையில பாத்தேன், நடை சரியில்லையே."

ரோரி துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தேவைக்கு அதிகநேரம் துடைத்தான். துண்டுக்குள்ளிருந்தே சொன்னான்: "அவளால இனி எறியமுடியாது."

"அதுக்குத்தான் வந்தியா?"

"அதுக்கும்தான்."

லாக்லன் விஸ்கியை ஊற்றினான். தம்பி கையில் கொடுக்காமல் கொஞ்சநேரம் தானே பிடித்துக்கொண்டிருந்தான். "மே மாசம் வாரேன். ஆனா இந்தத் தடவை நான் மேல நின்னு வெட்டுவேன். நீ குழியில நின்னு எறி. இருபது வருசம் எறிஞ்ச முதுகு இது."

வெட்டுவது தன் கை வேலை, அண்ணன் வெட்டினால் கட்டி கோணல்மாணலாக வரும், காயாது, உதிரும் என்று சொல்ல ரோரி வாயைத் திறந்தான். பெகி அதில் ஒரு முழு உருண்டைத் துண்டை வைத்து அடைத்தாள்.