கம்பி தள்ளாது

திண்டிவனத்தில் அந்தத் தெருவுக்கே முதல் டிவி அப்பாதுரை வீட்டுக்குத்தான் வந்திருந்தது. அன்று சாயங்காலம் மெட்ராஸ் நிலையத்தில் அவர் மகள் பாஞ்சாலியின் பள்ளிக்கூடத்துக் கோலாட்டம். ஒரே தடவைதான் காட்டுவார்கள். விட்டால் விட்டதுதான். மெட்ராஸ் எட்ட இருப்பதால் ஆன்டெனா குழாய் நல்ல உயரமாக நிற்க வேண்டும். அதை நிறுத்துகிற வேலை பாஞ்சாலியின் அண்ணன் தேவநாதன் தலையில் விழுந்தது. பாலிடெக்னிக் படிக்கிறவன் அவன்தானே.

"நம்ம மாடியில ரெண்டு மூலை கீது. ரெண்டு கம்பிய இழுத்துக் கட்டு, ஜல்தி முடிஞ்சிடும்" என்றார் அப்பாதுரை.

குழாய் மாடியின் கிழக்கு ஓரத்தில். அந்த இரண்டு மூலைகளும் மேற்கே. கிழக்கே கட்டவேண்டுமானால் பக்கத்து வீட்டுப் பெரியதம்பியின் மாடிக்குப் போகவேண்டும். போன மழையில் இவர்கள் மாடித் தண்ணீர் அவர் மல்லாட்டைக் கடலை மூட்டைமேல் கொட்டியதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

தேவநாதன் செங்கல் துண்டால் தரையில் கணக்குப் போட்டான். கிழக்கே ஒரு அச்சு, வடக்கே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு. குழாயின் எடை நேராக அடியில் இறங்குகிறது, அது சாய்க்காது. சாய்ப்பது சாயங்காலக் கடல்காற்று. கிழக்கிலிருந்து வந்து உச்சியைத் தள்ளும். அந்தத் திருப்புத்திறனை இரண்டு கம்பியின் இழுவையும் சேர்ந்து சரிக்கட்ட வேண்டும். போட்டுப் பார்த்தான். இரண்டு கம்பிக்கும் மைனஸ் வந்தது.

மறுபடி போட்டான். மைனஸ்தான். பரீட்சையில் என்றால் அதை அழித்துவிட்டு விடையை எழுதிவிடுவான். அந்தப் பேப்பர் இரண்டு தடவை ஊத்திக்கொண்டது. இன்றைக்கு அழிக்கக் கை வரவில்லை. மைனஸ் என்றால் கம்பி தள்ளவேண்டும். கம்பி எங்கே தள்ளும்? தொய்ந்து தொங்கும்.

"இன்னாடா, தரையெல்லாம் கிறுக்கிக்கினு?"

"காத்தடிச்சா குழா நம்ம மேலயே சாயும்பா. கெழக்கால ஒரு கம்பி வேணும்."

"அந்தாளாண்டயா? நான் கேக்க மாட்டேன்."

"அப்போ பாஞ்சாலிய பாக்க முடியாது."

அப்பாதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நகரவில்லை. தேவநாதனே சுவரோரம் போனான்.

"மாமா, உங்க மாடியில ஒரு கம்பி கட்டிக்கட்டுமா?"

மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த பெரியதம்பி நிமிரவில்லை. "உங்கப்பன் வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

"பின்னாடிதாங்க நிக்கிறாரு."

"கட்டலைன்னா இன்னா ஆவும்?"

"குழா எங்க மேல வுழும். உங்க பக்கம் வராது."

"அப்போ எனக்கு இன்னா பேஜாரு?"

"பாஞ்சாலி டிவியில ஆடுது மாமா. பாக்க முடியாம பூடும்."

பெரியதம்பி கையிலிருந்த தோலைக் கொட்டினார். "இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா? கம்பிய வீசு."

காற்று வந்தபோது பெரியதம்பி கட்டிவிட்ட கிழக்குக் கம்பி விண்ணென்று நின்றது. தேவநாதன் குழாயைப் பிடித்து மெல்லத் திருப்பினான். கீழேயிருந்து அப்பாதுரையின் குரல் வந்தது. "படம் பொரி பொரியா கீது... இன்னும் கொஞ்சம்... அப்படியே புடி."

பிறகு வாசலுக்கு வந்து அண்ணாந்து கத்தினார். "யோவ் பெரியதம்பி, பாப்பா முன்வரிசையில கீது. எறங்கி வாய்யா."

"நான் வந்துட்டா கம்பி?"

"அது நிக்கும் மாமா, கணக்கு பாத்துட்டேன்" என்றான் தேவநாதன்.

பெரியதம்பி படியில் தடதடவென்று இறங்கினார். கையை எடுத்தால் படம் போய்விடும் என்று தேவநாதன் குழாயோடு நின்றான். கீழே கோல்கள் தட்டுகிற சத்தம். அதற்கு மேலே பெரியதம்பியின் குரல்.

"அப்பாதுரை, உன் மண்டைய நவுத்துய்யா. ஒண்ணும் தெரியல."