தள்ளாட்டம்: உண்டு

1

இந்தக் கதை என் கைக்கு எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மறைத்தேன் என்று ஆகிவிடும்.

என் தம்பிதான் கொண்டுவந்து கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவி, ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே அலுவலகக் கோப்பு ஒன்றை என் மேஜைமேல் வைத்தான்.

"அக்கா, நீ எழுதுறவதானே. இதுக்கு ஒரு பதில் எழுதிக் குடேன். என் எழுத்துதான் உனக்குத் தெரியுமே."

அவன் போக்குவரத்துக் காவலர். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைப் பிடிக்கவென்றே இருக்கும் குழுவில் அவன்தான் பெயரெடுத்தவன். போன வருஷம் அதிகம் பேரைப் பிடித்ததற்காகக் கேடயம் கொடுத்தார்கள். கோப்பில் இருந்தது அவன்மேல் ஒரு புகார். பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒரு பெண் கைப்பட எழுதிய எட்டுப் பக்கம். குடிக்காத என்னைக் குடித்ததாகச் சொல்லிக் கைது செய்தார் என்று.

நான் பதில் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். "மேற்படி ஓட்டுநரின் நடையில் தெளிவான தள்ளாட்டம் காணப்பட்டதை என் அனுபவத்தின் அடிப்படையில் உறுதி செய்தேன்" என்பது மாதிரி, நிமிர்ந்து நிற்கும் வாக்கியங்கள். தம்பி இரண்டு தடவை படித்தான்.

"நல்லாயிருக்குக்கா. நானே நம்பிடுவேன் போல," என்றான்.

நானும் சிரித்தேன். அவன் போனபிறகுதான் அந்த எட்டுப் பக்கத்தை மறுபடி எடுத்தேன். பதில் எழுதுவதற்காகப் படிப்பது வேறு, சும்மா படிப்பது வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

2

தொடக்கம் ஒன்று: அவள் வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை.

[அடித்துவிட்டேன். எடுத்த எடுப்பிலேயே கூண்டில் ஏற்றியமாதிரி இருக்கிறது. அதோடு உண்மையும் இல்லை. மூன்றாம் பக்கத்தில் அவளே எழுதியிருக்கிறாள்: "இருபது வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருடன் அரை டம்ளர் குடித்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை." யாருமே கேட்காத கேள்விக்கு ஒருத்தி ஏன் இப்படிப் பதில் சொல்ல வேண்டும்? அந்த அரை டம்ளரில்தான் நான் அவளை நம்ப ஆரம்பித்தேன்.]

தொடக்கம் இரண்டு: மழை விட்ட ஒரு பிற்பகலில், மஞ்சள் வேன் ஒன்று ஆளில்லாத சாலையில்

[வேன் வெள்ளை. கோப்பில் அப்படித்தான் இருக்கிறது. மஞ்சள் எனக்குத்தான் தேவைப்பட்டது.]

மூன்றாவது தொடக்கம் இனி வருவது. இதை அடிக்க மாட்டேன்.

3

பிள்ளைகள் அவளை வேன்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வேன் ஓட்டும் அம்மா, சுருக்கி வேன்மா. நாற்பத்தாறு வயது. பதினோரு வருஷமாக அதே பள்ளிக்கூடம், அதே வழி. எந்தப் பிள்ளைக்கு எந்த வளைவில் வயிற்றைப் பிரட்டும் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி.

அன்றைக்குக் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டபோது மணி மூன்றே முக்கால் இருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. காலி வேனில் ஒரு தனி அமைதி உண்டு. இருபத்திரண்டு பேர் கத்திவிட்டுப் போன இடத்தில் அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் சீட்டுகளில் உட்கார்ந்திருக்கும், பிறகு ஒவ்வொன்றாக இறங்கிப் போகும் என்று அவளுக்குத் தோன்றும். கண்ணாடியில் வழிந்த தண்ணீரில் மரங்கள் கரைந்து கரைந்து சேர்ந்தன. சாலை முழுக்க வானம் கிடந்தது. அதன்மேல் ஓட்டிப் போவது தரையில் ஓட்டுவதுபோலவே இல்லை. தினமும் இந்தக் கால் மணி நேரம்தான் அவளுடையது. யாரிடமும் சொன்னதில்லை.

பெயின்ட் கிடங்கு தாண்டியதும் வளைவில் ஒரு காவலர் கைகாட்டினார்.

இறங்கச் சொன்னார். ஊதச் சொன்னார். ஊதினாள். மெஷினில் ஜீரோ வந்தது. மறுபடி ஊதச் சொன்னார். மறுபடியும் ஜீரோ. அவர் அதை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"மழையில மெஷின் மக்கர் பண்ணுது. கோட்டுமேல நடந்து காட்டுங்க. ஒன்பது அடி போய், திரும்பி ஒன்பது அடி."

சாலையோரத்து வெள்ளைக் கோட்டைக் காட்டினார். செருப்பு ஈரத்தில் வழுக்கும் என்று அவள் குனிந்து அதைக் கழற்றினாள். நிமிரும்போது, அட்டையில் கவ்வியிருந்த படிவத்தில் அவர் எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தது. எழுத்து தலைகீழாக இருந்தது. டீச்சர்கள் மேஜைக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கும் வருகைப் பதிவேட்டை எதிரே நின்று படித்துப் படித்து, தலைகீழ் எழுத்து அவளுக்குப் பழக்கம்.

தள்ளாட்டம்: உண்டு.

அவள் இன்னும் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

ஒரு நொடி நின்றாள். பிறகு நடந்தாள். அவர் எழுதியாகிவிட்டது என்று தெரிந்தபின்னும், பள்ளியில் நன்றாகப் படிக்கிற பிள்ளை நடப்பதுபோல, குதிகாலை விரல்நுனியில் தொட்டுத் தொட்டு நடந்தாள். கோட்டுக்கு இரண்டு பக்கமும் தேங்கிய நீரில் மேகம் போய்க்கொண்டிருந்தது. வானத்தில் யாரோ ஒரு கயிறு கட்டி, அதன்மேல் தன்னை விட்டிருப்பதுபோல இருந்தது. பயம் இல்லை. பாதத்தில் ஈரம் சில்லென்று ஏறியது. ஒன்பது அடி, திரும்பி ஒன்பது அடி. இவ்வளவு அழகாக வாழ்க்கையில் நடந்ததே இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தால், அவர் ஃபோனில் யாருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா, ஸ்டேஷனுக்குப் போலாம்."

"சார், நான் நடந்ததைப் பாத்தீங்களா?"

"எல்லாம் எழுதியாச்சு. ஏறுங்க."

(இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆட்கள் நடக்கும் முன்பே அவர்கள் எப்படி நடந்தார்கள் என்று எழுதுவது என் தொழிலும்தான். ஆனால் என் படிவத்தைக் காட்டி யாரையும் வண்டியில் ஏற்ற முடியாது. ஒன்றரைப் பக்கப் பதில் எழுதும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.)

4

அதன்பிறகு நடந்தவை வரிசையாக.

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர நாற்பது நாள் ஆகும் என்றார்கள். மறுநாள் காலையே பள்ளிக்கூடத்தில் சாவியை வாங்கிக்கொண்டார்கள். தலைமையாசிரியை நல்லவர்தான். "எனக்குத் தெரியும்மா, உன்னை எனக்குத் தெரியாதா? ஆனா பெத்தவங்களுக்கு நான் பதில் சொல்லணுமே," என்றார். காய்கறிக் கடையில் ஒரு தாய், வேன்மா என்று ஓடி வரப் பார்த்த மகளைத் தோளில் கைவைத்து நிறுத்தினாள். அந்தக் கை குழந்தையின் தோளில் இருந்த விதம் எட்டுப் பக்கத்தில் ஒரு முழுப் பத்தி. நான் எழுதியிருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன். அவளுக்கு ஒரு வரி போதவில்லை.

வீட்டுக்காரர் பூட்டுச் சாவி சரிசெய்கிறவர். அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார்.

"அந்த ஸ்டேஷன் லாக்கப் பூட்டு நான் போட்டதுதான். முன்னாலயே சொல்லியிருந்தா ஒரு சாவி உன் கையில குடுத்திருப்பேன்."

அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். அவர் விளக்கைப் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டாம் நாள் ஒரு வக்கீல் ஃபோன் செய்தார். ஸ்டேஷன் படிவத்தில் தவிர அவள் யாருக்கும் நம்பர் கொடுத்திருக்கவில்லை.

"கவலைப்படாதீங்கம்மா. பிடிச்ச ஆபீசர் கோர்ட்டுக்கு வரலன்னா கேஸ் நிக்காது. அவரை வராம இருக்க வைக்கிறதுக்கு ஒரு வழி இருக்கு. உங்களால முடிஞ்சதைப் பாத்துச் செய்ங்க."

"எனக்கு அவர் வரணும்," என்றாள்.

"என்னம்மா சொல்றீங்க?"

"அவர் வரணும் சார். வந்து, நான் எப்படி நடந்தேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லணும்."

நாற்பத்தி மூன்றாம் நாள் ரத்த முடிவு வந்தது. ஒன்றுமே இல்லை. வழக்கைக் கைவிட்டார்கள். தாளில் 'போதிய ஆதாரம் இல்லாததால்' என்று இருந்தது. அவள் குடிக்கவில்லை என்று எந்தத் தாளிலும் இல்லை. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அன்று மாலைதான் பேனாவை எடுத்தாள்.

5

இப்போது காவலர். இந்தப் பாத்திரம்தான் எனக்கு உதைக்கிறது.

[அடித்தது: சிறுவயதில் அவன் அப்பாவை, யாரோ குடித்துவிட்டு ஓட்டி வந்த லாரி ஒன்று]

பொய். எங்கள் அப்பா நெஞ்சு வலி வந்து, எழுபத்தெட்டு வயதில், மகனும் மகளும் பக்கத்தில் இருக்கப் படுக்கையில் போனார். தம்பிக்கு ஒரு நியாயம் பிடித்துக் கொடுப்பதற்காக அப்பாவை லாரியில் தள்ளப் பார்த்திருக்கிறேன்.

அவனுக்குக் கெட்ட முகம் வரைய வரவில்லை. எனக்கு ஆபரேஷன் ஆனபோது ஒன்பது நாள் ஆஸ்பத்திரித் தரையில் படுத்தவன் அவன். என் வீட்டில் குழாய் ஒழுகினால் நான் சொல்லும் முன்பே வாஷரோடு வருவான். அதே கையால்தான் அந்தப் படிவத்தையும் எழுதியிருக்கிறான். கோப்பின் பின்பக்கத்தில் வேறு பதிமூன்று பேருடைய படிவங்களின் நகல் இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம்: "கண்கள் சிவந்திருந்தன, பேச்சு குழறியது, தள்ளாட்டம் உண்டு." எழுத்துப்பிழைகூட ஒரே இடத்தில். அந்தப் பதிமூன்றில் ஒருவர் தச்சர். பிறவியிலேயே வாய் பேசாதவர். அவருடைய பேச்சும் குழறியது என்று இருந்தது.

அடுத்த ஞாயிறு வந்தபோது கேட்டேன்.

"அந்தத் தச்சருக்கு எப்படிடா பேச்சு குழறும்?"

தட்டைப் பார்த்தபடி இருந்தான். "மாசத்துக்கு இத்தனைன்னு மேல இருந்து கேக்கறாங்கக்கா. எழுதினா அது ரெக்கார்டு. அதோட விடு."

"அவளுக்கு ஃபோன் பண்ணின வக்கீல் யாரு? நம்பர் யார் குடுத்தது?"

"அந்த விஷயத்தைப் பதில்ல தொடாதேன்னு சொன்னேனே. நீயும் தொடலையே."

ஆமாம். தொடவில்லை. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவனும்.

6

அவளைப் பார்க்கப் போனேன். கோப்பில் முகவரி இருந்தது. முதல் வரைவில் நான் பத்திரிகையிலிருந்து வந்ததாக எழுதியிருந்தேன். அப்படி ஒரு பொய்யைச் சொல்லத்தான் போனேன், அதனால் அதை அடிக்காமல் இங்கேயே விடுகிறேன்.

மாடி வீடு. மொட்டை மாடி முழுக்க வெள்ளை விரிப்புகள் காய்ந்தன. இப்போது ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துக் கொடுக்கிற ஒருவரிடம் வேலை செய்கிறாளாம். வண்டி ஓட்ட அல்ல, மடிக்க. விரிப்புகளுக்கு நடுவே அவள் வருவதும் மறைவதுமாக இருந்தாள். காற்று அடிக்கும்போதெல்லாம் மாடியே மெதுவாக நகர்ந்து எங்கோ போவதுபோல இருந்தது. பத்திரிகையிலிருந்து வருகிறேன் என்று விரிப்புகளைப் பார்த்துச் சொன்னேன்.

"பத்திரிகையா?" என்றாள். "உக்காருங்க. ஒண்ணு காட்டணும்."

உள்ளே போய் ஒரு தாளை எடுத்துவந்தாள். விசாரணை அலுவலகம் அவளுக்கு அனுப்பியிருந்த நகல். என் ஒன்றரைப் பக்கம்.

"இதை அந்த ஆபீசர் எழுதலீங்க. அவர் எழுதற லட்சணத்தை நான் எதிர நின்னு தலைகீழாவே படிச்சிருக்கேன். இது யாரோ நல்லா எழுதத் தெரிஞ்சவங்க எழுதினது. படிச்சப்போ எனக்கே ஒரு நிமிஷம், ஒருவேளை தள்ளாடினேனோன்னு ஆயிடுச்சு."

ஒரு விரிப்பு வந்து எங்கள் நடுவே விழுந்து விலகியது. என் முகத்தில் என்ன இருந்ததோ.

"நீங்களா?" என்றாள்.

"அவன் என் தம்பி."

அவள் கத்தவில்லை. கதைக்கு அது வசதியாக இருந்திருக்கும். கையிலிருந்த தாளை நாலாக மடித்தாள், பழக்கத்தில், விரிப்பு மடிப்பதுபோல ஓரத்தை நீவி விட்டாள்.

"அன்னைக்கு அந்த வளைவுல நீங்க இருந்தீங்களா?"

"இல்ல."

"அப்போ இல்லன்னு எழுதிக் குடுங்க. இதை எழுதினது நான், நான் அங்க இல்ல. அவ்வளவுதான். வேற எதுவும் வேண்டாம். உங்க தம்பியைத் திட்டி ஒரு வார்த்தை எழுத வேண்டாம்."

"அவன் வேலை போயிடும்."

"எனக்கும் போச்சுங்க," என்றாள். அதில் கோபம் இல்லை. மணி என்ன என்று கேட்டவளுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

7

முடிவு ஒன்று: அக்கா எழுதிக் கொடுத்தாள். விசாரணையில் தம்பி தலைகுனிந்தான். பதினாலு பேரும்

[இவ்வளவு சுலபமாக எந்த அலுவலகமும் அசையாது.]

முடிவு இரண்டு: எழுதவில்லை. ஒரு கதை எழுதினாள். அதில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். கதையை எந்த விசாரணை அலுவலகமும் படிப்பதில்லை.

[இந்த முடிவோடு ஆறு நாள் இருந்தேன். வசதியான முடிவு. மேலே உள்ள ஆறு பகுதிகளும் அந்த ஆறு நாளில் எழுதியவை.]

நடந்தது இது. ஏழாம் நாள் காலை நான்கு வரி எழுதினேன். இணைத்திருக்கும் பதிலை எழுதியது நான். சம்பவ இடத்தில் நான் இல்லை. பார்த்தவர் யாரும் என்னிடம் எதையும் சொல்லவில்லை. அதிலுள்ள 'தெளிவான' என்ற சொல் என் சொந்தச் சேர்க்கை. கையெழுத்துப் போட்டு, விசாரணை அலுவலகத்தில் நேரில் கொடுத்து, முத்திரை வைத்த நகலை அவள் வீட்டில் சேர்த்தேன். பூட்டுக்காரர்தான் வாங்கிக்கொண்டார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். குடித்தேன்.

விசாரணை அடுத்த வாரம். அதை நான் எழுதப்போவதில்லை. நடந்தபிறகு யாராவது எழுதட்டும்.

ஆனால் தம்பியிடம் நான்தான் சொல்ல வேண்டும், வேறு யார் வழியாகவும் அவனுக்குத் தெரியக்கூடாது என்று தோன்றியது. வீடு வந்து ஃபோன் செய்தேன். நாலு வரியையும் அப்படியே படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் வண்டிகள் போகும் சத்தம். டியூட்டியில் எங்கோ சாலையோரம் நின்றிருந்தான். ஒரு பஸ் போனது. பிறகு இன்னொன்று.

"சரிக்கா," என்றான்.

நாலு வரி இருந்த தாளை மடித்தேன்.

"சாப்பிட்டியா?" என்றான்.

அவன் ஃபோனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. இந்த ஒற்றை வார்த்தைக்குக் கீழே நான் பதினேழு வரிகள் எழுதி, பதினேழையும் அடித்திருக்கிறேன். அந்த வார்த்தையில் இருந்தது மன்னிப்பா, பயமா, இல்லை சின்ன வயதிலிருந்து வாயில் ஊறிப்போன பழக்கம்தானா என்று என்னால் சொல்ல முடியவில்லை. உங்களுக்கும் ஒரு தம்பி இருந்தால், உங்களுக்குத் தெரியலாம்.