பெரிய பன்னா

நாகஜோதியின் கண்ணீருக்கு விலை ஐநூறு ரூபாய். செல்வக்குமார் பேசிப் பேசி முந்நூற்றைம்பதுக்கு முடித்தான்.

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை அவனுக்கு. நாகஜோதி அங்கே பில் போடுகிறவள். அவன் இயக்கும் குறும்படத்தின் கடைசிக் காட்சியில், மகனை வெளியூருக்கு அனுப்பிவிட்டு நிற்கும் தாயாக அவள் அழ வேண்டும். படமே அந்த ஒரு அழுகைதான்.

“கிளிசரின் வேணாம்ணே. மனசுல ஒண்ணு கெடக்கு, அதை நெனச்சு அழுதுர்றேன். ஆனா ஒரு தடவைதான். திரும்பக் கேக்காதீக.”

டிஜிட்டலில் எடுத்தால் செலவு குறையும் என்று கேமராமேன் ராம்கி மன்றாடினான். செல்வக்குமாருக்கு மனசு வரவில்லை. ஃபிலிம் என்றால் அடிக்கணக்கு. முழம்போட்டு வாங்கலாம், விற்கலாம். அளக்க முடியாத சரக்கை அவன் பரம்பரை நம்பியதில்லை. பதினாறு எம்எம், நூறு அடி, ஒரே ஒரு சுருள், அதற்குமேல் கட்டுப்படியாகவில்லை. ஓடுவது மூன்று நிமிஷத்துக்கும் குறைவு.

அடுத்து லென்ஸ்.

“எண்பத்தஞ்சு எம்எம் போடுவோம் மாப்ள. முகம் மட்டும் நிக்கும். பின்னாடி எல்லாம் கலங்கிரும்.”

“காசு குடுத்துக் கலங்க வைக்கிறதா? வாடகை எம்புட்டு?”

“ஆயிரத்து எரநூறு.”

“அந்தப் பதினெட்டு?”

“தொள்ளாயிரம். அதுல மலை, கொளம், ஆலமரம் எல்லாம் வந்துரும். முகம்தான் மிளகு சைஸுல இருக்கும்.”

செல்வக்குமாருக்குச் சிரிப்பு வந்தது. துணியின் அகலத்துக்குக் கடையில் பன்னா என்பார்கள். பெரிய பன்னாவைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறான். வேண்டாம் என்று சொல்ல அவன் என்ன கிறுக்கனா? பதினெட்டையே எடுத்தான்.

கீழக்குயில்குடியில், சமணர் மலையடிக் குளக்கரையில், விடிந்ததும் கேமரா ஓடியது. “ஆக்‌ஷன்” என்று கத்திவிட்டு, இயக்குநர் ஒதுங்கி நின்றார். ஒதுங்கிய இடத்தில் இளநீர் வண்டி. யூனிட்டுக்கு நாலு காய் வேண்டுமே.

சுருள் கழுவி வர மூன்று வாரம். கடை மாடியில் வெள்ளைத் துணி கட்டிச் சொந்தபந்தத்துக்குப் போட்டுக் காட்டினான். சமணர் மலை அம்சமாக வந்திருந்தது. குளம் வந்திருந்தது. நடுவில் மிளகு சைஸில் ஒரு பெண். வலது ஓரத்தில், வண்டி பக்கத்தில், தெள்ளத் தெளிவாக ஒரு ஆள் காயைத் தட்டுகிறான், உதட்டைப் பிதுக்குகிறான், போவதுபோல் நாலு எட்டு வைத்துத் திரும்பி வருகிறான். மாடியே சிரித்தது.

“கட் சொல்ல வேண்டியதுதானடா!” செல்வக்குமார் ராம்கியிடம் பாய்ந்தான்.

“அதை நீதான மாப்ள சொல்லணும்! நான் கையக் காட்டுனேன். நீ ‘இன்னும் கொறைக்கிறேன், இரு’ன்னு பதிலுக்குக் கையக் காட்டுற. அங்க பாரு.”

திரையில் அவன் கையைக் காட்டினான்.

சிரிக்காதவள் நாகஜோதி ஒருத்திதான். எழுந்துபோய்த் துணிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

“அண்ணே, நான் அழுதேனா?”

“அழுத தாயி. நல்லா அழுத.”

“தெரியலையே.”

செல்வக்குமார் பையில் கைவிட்டு, அடித்துப் பேசிக் குறைத்த நூற்றைம்பதை எடுத்து நீட்டினான். அவள் எண்ணாமல் வாங்கிக்கொண்டாள். இன்னொரு சுருள் வாங்குவதாக அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

இளநீரில் பத்து, லென்ஸில் முந்நூறு. ஆக மிச்சம் முந்நூற்றுப்பத்து ரூபாய். நாகஜோதிக்குப் பாக்கி, ஒரு அழுகை.