சாம்பல் நிறக் காரின் தடம்

எதிர்வீட்டு ஆர்வோவின் வாசலுக்கு நேரே அந்தச் சாம்பல் நிறக் கார் மூன்றாவது நாளாக நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது; கண்ணாடி முழுக்க ஆவி. கனடாவின் தண்டர் பேயில், ஜனவரி மாதக் குளிரில் யாரும் காரணமில்லாமல் காருக்குள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

ஆர்வோ மரலாரி ஓட்டியவன். சங்கிலி அறுந்து, அடுக்கிய மரத்தின் மேலிருந்து விழுந்து முதுகு போய், வருகிற மாதத்தோடு இரண்டு வருடம். இதுவரை இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: லாரி ஓட்ட முடியுமா? முடியாது என்றதால் மாதாமாதம் பணம் வந்தது. இரண்டு வருடம் முடிந்ததும் கேள்வி மாறிவிடும் என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறதாம். அவன் படிப்புக்கும் அனுபவத்துக்கும் பொருந்துகிற ஏதாவது ஒரு வேலையைச் செய்ய முடியுமா? முடியும் என்று அவர்கள் முடிவுகட்டினால் பணம் நின்றுவிடும். பின்னாலேயே வீடும் போகும்.

"இருபது நிமிஷத்துக்கு மேல உக்கார முடியல, டோரிஸ். டிக்கெட் கிழிச்சுக் குடுக்கற வேலையானாலும் உக்காரணுமே" என்பான் என்னிடம். அவன் மனைவி கொலெட் திரைச்சீலையை விரலளவு விலக்கிக் காரைப் பார்த்தபடியே, "குப்பைப் பையை நான் எடுத்துட்டுப் போறேன். இன்சூரன்ஸ்காரங்க அனுப்புன ஆளு வீடியோ எடுக்கறான், நீ ஜன்னல்கிட்ட நின்னு சிரிக்கக்கூட செய்யாதே" என்பாள்.

ஒளிப்பானேன், எனக்கே ஒருமுறை சந்தேகம் வந்தது. டிசம்பரில் அவன் நாலு விறகுக்கட்டையை அணைத்துக்கொண்டு போனதைப் பார்த்து, இவனுக்கா முதுகு வலி என்று நினைத்தேன். மறுநாள் கொலெட் மண்டியிட்டு அவனுக்குக் காலுறை மாட்டிவிடுவதைப் பார்த்தபோது என் முகம் எனக்கே பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது முழங்கால் அளவு பனி. காரின் சக்கரம் உறுமியது, கார் நகரவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் தெருவில் யார் எவர் என்று பார்ப்பதில்லை, குடிக்கிற காபியை அப்படியே வைத்துவிட்டு இறங்கிவிடுவோம். நான் பூட்ஸுக்குள் காலை நுழைப்பதற்குள் ஆர்வோ தெருவில் இருந்தான்.

"ஆர்வோ! பைத்தியமா உனக்கு? உள்ள வா!" கொலெட் வாசலில் நின்று கத்தினாள்.

"மாட்டிக்கிட்டு நிக்கறான்டி. வேடிக்கை பாக்கச் சொல்றியா?"

தோளைக் கொடுத்து ஒரே தள்ளு. கார் முன்னால் போய் நின்றது. ஓட்டியவன் கண்ணாடியை இறக்கி, "ரொம்ப தேங்க்ஸ். நல்ல பலசாலி சார் நீங்க!" என்று சிரித்துவிட்டுப் போனான். பின் கண்ணாடிக்குள் பொட்டுபோல ஒரு கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது.

மத்தியானத்துக்குள் ஆர்வோ சமையலறைத் தரையில் கிடந்தான். கொலெட்டும் நானும் சேர்ந்தும் எழுப்ப முடியவில்லை. அவன் இன்சூரன்ஸ் விவகாரத்தைப் பார்க்கிற வக்கீலம்மாவின் குரல் போன் ஸ்பீக்கரில் கேட்டது.

"முழு இயலாமைன்னா கட்டை மாதிரி கிடக்கணும்னு சட்டம் சொல்லல. நாள் தவறாம ஒரு வேலைக்குப் போய் நிக்க முடியுமாங்கறதுதான் கேள்வி."

"வீடியோவுல தள்ளுனது மட்டும்தானே தெரியும்? இப்படிக் கிடக்கறதை யாரு படம் எடுத்தா?" என்றாள் கொலெட்.

ஆர்வோ என்னைப் பார்த்தான். "டோரிஸ், அவன் நெஜமாவே மாட்டிக்கிட்டானான்னு பாத்துட்டு வாங்களேன். மாட்டிக்கிட்டவனைத் தள்ளியிருந்தா பரவால்ல."

மண்வாரியை ஊன்றிக்கொண்டு போனேன். பனியில் புதைந்து சுழன்ற சக்கரம் குழி பறிக்கும்; குழியின் அடியில் பனி உருகி, கண்ணாடிபோல இறுகியிருக்கும். நாற்பது வருடமாக நான் பார்க்காத குழியா? இங்கே இரண்டு கோடுகள், இஸ்திரி போட்டதுபோல வழுவழுவென்று நேராகப் போயின. ஒருவேளை காற்று பனியைத் தள்ளி மூடியிருக்கலாம். கையுறையைக் கழற்றித் தடவிப் பார்த்தேன். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

திரைச்சீலை விரலளவு விலகியது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பின்சக்கரம் நின்ற இடத்தில் மண்வாரியின் முனையை வைத்து, சக்கரம் பறித்தது போல ஒரு குழி விழ, பூட்ஸ் காலால் மெல்ல அழுத்தினேன்.