தீனி போடாத காடு

காலேஜிலிருந்து வந்த மேடத்தின் எலி ஆராய்ச்சிக்காகக் காட்டை இரண்டு துண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒன்றில் வாரம் இருமுறை தானியம் இறைப்போம். மற்றதில் ஒரு மணி கூட விழக் கூடாது. எலிகள் பெருகுவதும் குறைவதும் மழையாலா, தீனியாலா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பாடு. ஐந்து வருடமாக நானும் அண்ணியும் மாதாமாதம் பொறி வைக்கிறோம், சிக்கியதைத் துணிப்பையில் போட்டு எடை பார்க்கிறோம், விடுகிறோம். என் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

இந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. மரங்கள் காய்க்கவே இல்லை. தீனி போடாத காட்டில் போன வருடம் அறுபது எலி, இப்போது ஏழு. அதில் ஒன்று காது கிழிந்த பெட்டை, இரண்டு வருடப் பழக்கம். அண்ணி அதற்கு மகாராணி என்று பேர் வைத்திருந்தாள். தொண்ணூறு கிராம் இருந்த மகாராணி வற்றி வற்றி அறுபதுக்கு வந்தது.

அப்புறம் எழுபது ஆனது. அடுத்த மாதம் எண்பது.

மேடம் துள்ளிக் குதிக்காத குறை. "மழையே இல்லாம தேறுதே! வேற எதையோ தின்னு பழகிடுச்சு போல."

ஆனால் மகாராணி சிக்கிய பொறிக்குப் பக்கத்து வேரடியில் தானிய உமி கிடந்ததை நான் காலையிலேயே பார்த்திருந்தேன். மேடம் போனதும் கேட்டேன்.

"அண்ணி, நீங்கதானா?"

"ஒரு கைப்பிடிதான். கண்ணு முன்னாடி காஞ்சு சாகுது, எப்படிப் பாத்துக்கிட்டு இருக்கறது?"

"அஞ்சு வருஷ உழைப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே!"

தொண்டை கட்டும் வரை கத்தினேன். அவள் மேல் கோபம். அப்படிச் செய்ய எனக்குத் தோன்றவில்லையே என்று என் மேலும் கோபம்.

மறுநாள் இருவரும் போய் மேடத்திடம் சொன்னோம். அவர் திட்டியிருந்தால் கூடத் தேவலை. எடை நோட்டில் அந்த இரண்டு மாதப் பக்கங்களையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார். "இனிமே போடாதீங்க," என்றார்.

போடவில்லை. அடுத்த மாதம் மகாராணி மறுபடி பொறியில் இருந்தது. ஐம்பத்தாறு கிராம். அண்ணி எடையை எழுதிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் குந்தி, பையின் வாயைத் தரையோடு வைத்துத் திறந்தேன். மற்ற எலிகள் திறந்ததும் பாய்ந்து ஓடிவிடும். இது மெல்ல நடந்து அந்த வேரடிக்குப் போனது. முகர்ந்து முகர்ந்து பார்த்தது. பிறகு அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

அண்ணி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "ஒண்ணுமில்லடி, போ."

அது போகவில்லை. கடைசியில் நாங்கள்தான் எழுந்து போனோம்.