பிரியாக் விற்கும் படகு

பன்னிரண்டு வருஷம் கடலில் ஓடிய படகு இவ்வளவு சுத்தமாக இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எர்மான்ஸுக்கு வந்தது. ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்துக்கு இருபத்தெட்டு வருஷம் சரக்கு வாங்கிப்போட்டவள் அவள். மூன்று நாள் மீனைக் கழுவித் துடைத்து, அன்றைக்குப் பிடித்தது என்று சத்தியம் பண்ணிய ஆட்களையெல்லாம் பார்த்தாகிவிட்டது. பளபளவென்று எதைக் கண்டாலும் முதலில் மோந்து பார்ப்பாள்.

அவள் புருஷன் ஜெர்வே இவளுக்கும் ஒரு படி மேல். தீவின் தலைநகர் ஃபோர்-த-ஃபிரான்ஸ் போய்வரும் பயணிகள் படகில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். லெ மாரன் துறையில் விலைக்கு நிற்கிற படகுகளில் பாதியை அவன் ஏற்கெனவே பார்த்து, உதட்டைப் பிதுக்கி, ஒதுக்கிவிட்டான். இது பதினோராவது. இரண்டு உடல், நடுவே ஒரு மேல்தளம், ஒரே பாய்மரம். கேட்டமரான் என்ற பெயர் என்னவோ நம் கட்டுமரத்திடம் இரவல் வாங்கியதுதான், ஆனால் உள்ளே அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் உண்டு.

"இந்தாளு வாயில இருந்து வர்ற ஒரு வார்த்தையையும் நம்பாதே, டூடூ" என்றான் ஜெர்வே, அவளைச் செல்லப் பெயரில் கூப்பிட்டு, துறைப் பலகையில் நடக்கும்போதே. "பிரான்சுல இருந்து வர்றானுங்க, பாறையில ஏத்தறானுங்க, பெயின்ட் அடிச்சு நம்ம தலையில கட்டிட்டுப் போயிடறானுங்க."

படகுக்காரர் பிரியாக் அறுபது தாண்டிய மனிதர். நெட்டையாக, கொஞ்சம் கூனலாக, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவராக இருந்தார். அதிகம் பேசாத வியாபாரி என்றால் எர்மான்ஸுக்கு இன்னும் பயம்.

பயப்பட அவளுக்குக் காரணமும் இருந்தது. வோக்ளேனில் அவள் அம்மா விட்டுப்போன வீட்டை விற்கப் பேசியாகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி. இந்த வருஷம் தெற்கே கிரெனடா வரை தீவு தீவாகப் போய்ப் பழகுவது, அடுத்த வருஷம் ஆசோர் தீவுகளுக்கு நடுக்கடல் வழியே போவது என்று திட்டம். இருபது நாளுக்குக் குறையாத ஓட்டம். அத்தனை நாளும் இவர்கள் இரண்டு பேர் மட்டும். ஒருவர் மேலே விழித்திருந்தால் மற்றவர் கீழே தூங்க வேண்டும். ஒருவர் தவறிக் கடலில் விழுந்தால் இன்னொருவர்தான் கடற்படை, இன்னொருவர்தான் ஆம்புலன்ஸ். ஆனாலும் போகத்தான் ஆசை. ஆசை இல்லாமல் வீட்டை விற்பாளா?

முதல் நாள் ஜெர்வே திருப்புளியின் மரப்பிடியால் படகை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். தரைப்பலகையைத் தூக்கினான். உள்சுவர் அடிப்பக்கத்தோடு சேருகிற இடத்தில் வெள்ளைப் பூச்சு புதிதாக இருந்தது.

"இது மட்டும் ஏன் புதுசு?"

"விக்கப் போறோமேன்னு போன மாசம் அடிச்சேன்" என்றார் பிரியாக்.

ஜெர்வே எர்மான்ஸைப் பார்த்துக் கண்ணடித்தான். அனுமதி வாங்கிக்கொண்டு அந்தப் பூச்சை நாலு இடத்தில் சுரண்டிப் பார்த்தான். விரிசல் இல்லை. இரண்டாம் நாள் கிரேனில் தூக்கினார்கள். அடியில் பாறை உரசிய தழும்பு இல்லை. காசு கொடுத்துக் கூட்டிவந்த பரிசோதகர் ஈரமானியும் சின்னச் சுத்தியலுமாகப் பகல் முழுக்கச் சுற்றிவிட்டு, இவ்வளவு நல்ல நிலையில் ஒரு படகை இந்த வருஷம் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார். ஜெர்வேக்குச் சந்தேகம் இன்னும் கூடிப்போயிற்று.

"ஒண்ணுமே இல்லைன்னா என்னமோ இருக்குன்னு அர்த்தம்."

எர்மான்ஸ் அடியில் பார்க்கவில்லை. அவள் சமையல் மூலையில் பார்த்துக்கொண்டிருந்தாள். மசாலா டப்பாக்களில் பெண் கையெழுத்து. காய் நறுக்கும் பலகை நடுவில் குழிந்து தேய்ந்திருந்தது. அலமாரியில் இரண்டு மழைக்கோட்டுகள் தொங்கின. பெரியது உப்பில் வெளுத்துப் போயிருக்க, சின்னது மடிப்புக் கலையாமல் இருந்தது. இஞ்சின் சாவி மட்டும் எங்கும் தொங்கவில்லை. அது பிரியாக்கின் கழுத்தில் ஒரு கயிற்றில் இருந்தது.

"உங்க மனைவி வரலையா, முசியே?"

"பிரான்சுல, ரென்ல இருக்கா. தங்கச்சி வீட்டுல."

மறுநாள் சும்மா கேட்பதுபோல மறுபடி கேட்டாள். அவளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அதற்கடுத்த நாள் கேட்டபோது, அவளுக்குத் தோட்டம் என்றால் உயிர் என்றார். மூன்று நாளில் மூன்று பதில்! சொல்லும்போதெல்லாம் மனுஷன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எர்மான்ஸுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அந்தப் பெண் செத்துப் போயிருக்க வேண்டும். இந்தப் படகிலிருந்து விழுந்தே போயிருக்க வேண்டும்.

துறையில் துணி வெளுக்கும் கடைக்காரியின் வாயைக் கிண்டினாள்.

"அவரு பொண்டாட்டி ஆனிக் செத்துட்டாளா? யாரு சொன்னது?" என்று அவள் சிரித்தாள். "சேன்ட்-ஆன் ஊரு பேக்கரில ரொட்டி விக்கிறா. காலைல போங்க, சூடா கிடைக்கும்."

உயிரோடு, பஸ்ஸில் கால்மணி நேரத் தூரத்தில் இருக்கிறவளை ஒரு புருஷன் ஏன் இப்படிப் பூசி மெழுக வேண்டும்? ஜெர்வேயிடம்கூடச் சொல்லாமல் மறுநாள் காலை முதல் பஸ் பிடித்தாள்.

ஆனிக் ஒல்லியான பெண். முழங்கை வரை மாவு. எர்மான்ஸ் யாரென்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"படகுல எதையாவது மறைக்கிறாரான்னு கேக்க வந்திருக்கீங்க."

"ஆமா."

"ஒரு குறையும் கிடையாது. கண்ணை மூடிட்டு வாங்கலாம்."

"அப்போ நீங்க ஏன் இறங்கினீங்க?"

ஆனிக் உள்ளே திரும்பி, வரிசையில் நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி, டொமினிக்காவுல இருந்து வர்றப்போ, மாட்டிக்கிட்ட கயித்தை எடுக்கப் போனவரு தண்ணியில விழுந்துட்டாரு. பெரிய அலை. படகைத் திருப்பிட்டு வந்தா தலை தெரியலை. போறேன், வர்றேன், போறேன், வர்றேன். நாப்பது நிமிஷம். அப்புறம் கண்டுபிடிச்சுத் தூக்கிட்டேன். தனியா."

"அடேயப்பா" என்றாள் எர்மான்ஸ்.

"நீங்க அடேயப்பாங்கறீங்க. அவரு சொல்லலை. நாப்பது நிமிஷம் ஆக்கிட்டேன்னுதான் குறை. நான் வந்தேங்கறது அவர் மண்டையில ஏறவே இல்லை. அன்னைல இருந்து சாவியைக் கழுத்துல மாட்டிக்கிட்டாரு. சுக்கானைத் தொட விடலை. ராத்திரி பூரா அவரே முழிச்சிருப்பாரு, நான் தூங்கணுமாம். சமையல்காரியா எத்தனை நாளைக்கு ஊர் சுத்தறது, சொல்லுங்க?"

அவள் ஒரு நீள ரொட்டியைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை.

மதியச் சாப்பாட்டில் எர்மான்ஸ் எல்லாவற்றையும் சொன்னாள். ஜெர்வே கருவாட்டு அக்ரா வடையை வாயில் போட்டுக்கொண்டே சிரித்தான்.

"இவ்வளவுதானா? நான் என்னவோ பாறையில மோதினதுன்னு நினைச்சேன். பாவம் அந்தப் பொம்பளை. நான் உன்னை அப்படி வெச்சுக்குவேனா, டூடூ? எங்கூட இருக்கறப்போ உனக்கு என்ன பயம்?"

"எனக்குப் பயம் நான் விழுந்தா இல்ல. நீ விழுந்தா."

"நான் விழ மாட்டேன்."

"பிரியாக்கும் அப்படித்தான் நினைச்சிருப்பாரு. நாளைக்கு ஓட்டிப் பாக்கப் போறோமில்ல? நீ குதி. நான் வந்து எடுக்கறேன்."

ஜெர்வே மெல்லுவதை நிறுத்தினான். "மிதவையைத் தூக்கிப் போட்டுப் பாத்தா போதாதா?"

"மிதவை ஆசோருக்கு வரலை. நீதான் வர்ற."

மறுநாள் பத்து மணிக்குக் கிளம்பினார்கள். காற்று மிதமாக இருந்தது. விரிகுடாவைத் தாண்டியதும் எர்மான்ஸ் சுக்கானை வாங்கிக்கொண்டாள். பிரியாக் ஒரு நொடி தயங்கித்தான் கொடுத்தார். நகர்ந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். இரண்டு வருஷமாக அவள் சனிக்கிழமைதோறும் படகுச் சங்கத்துக்குப் போய்க் கற்றுக்கொண்டவள். ஜெர்வே அதை அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். ஆனால் ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை.

"இஞ்சின் வேண்டாம். தண்ணியில ஆள் இருக்கறப்போ இஞ்சின் ஓடக்கூடாது" என்றாள். பிரியாக் தலையாட்டினார்.

ஜெர்வே பின்படியில், மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றான். கடற்பாசி மிதக்கிறதே என்றான். முழங்கால் காலையிலிருந்து வலிக்கிறது என்றான். படகு கொஞ்சம் வேகமாகப் போகிறதோ என்றான். கடைசியில் அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தான்.

பாய் விரித்த படகை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. விழுந்தவனிடம் வர வேண்டும் என்றால் முதலில் அவனை விட்டு விலகிப் போயாக வேண்டும். போதுமான இடம் கிடைத்த பிறகுதான் காற்றுக்குள் திருப்ப முடியும். அது ஜெர்வேக்குத் தெரியாதா? நாற்பது வருஷம் கடலில் இருந்தவன். எர்மான்ஸ் அவன் தலையிலிருந்து கண்ணை எடுக்காமல் மனதுக்குள் எண்ணினாள். பத்து. இருபது. ஆரஞ்சு நிறச் சட்டை சின்னதாகிக்கொண்டே போயிற்று. இருபத்தைந்து எண்ணும்போது அந்தச் சத்தம் கேட்டது.

"பிரியாக்! பிரியாக்! சுக்கானை வாங்குங்க! பிரியாக்!"

தமாஷுக்குக் கூப்பிடுகிற குரல் இல்லை அது. பயந்துபோன ஆளின் குரல். நாலு நாளாக எந்த ஆளின் வாயிலிருந்து வருகிற ஒரு வார்த்தையையும் நம்பாதே என்று ஜெர்வே சொன்னானோ, அந்த ஆளின் பெயர்.

பிரியாக்கின் கட்டிய கை பிரிந்து சுக்கானை நோக்கிப் பாதி தூரம் வந்தது. எர்மான்ஸ் திரும்பிப் பார்த்தாள். கை அப்படியே நின்றது.

"சரியாத்தான் பண்றீங்க, மதாம்" என்றார் அவர் மெதுவாக. "திருப்புங்க."

அவள் திருப்பினாள். பாய் படபடத்து மறுபக்கம் போயிற்று. படகு வேகம் குறைந்து, குறைந்து, ஜெர்வேக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. அவன் படியைப் பிடித்து ஏறினான். மொத்தம் நாலு நிமிஷம்.

இருமிக்கொண்டே சிரித்தான் ஜெர்வே. "பாத்தீங்களா என் பொண்டாட்டியை! நாப்பது நிமிஷமாம்! போதும் டூடூ, இனிமே என்ன யோசனை, இன்னைக்கே பேசி முடிச்சிடலாம்."

பிரியாக் அவனைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. கழுத்துக் கயிற்றைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முசியே பிரியாக்" என்றாள் எர்மான்ஸ். "நல்ல படகு. நாங்கதான் தேவையில்லாம சந்தேகப்பட்டோம், மன்னிச்சுக்கங்க. நாங்க வாங்கலை."

"என்ன ஆச்சு உனக்கு?" என்றான் ஜெர்வே. "அழகா வந்து எடுத்தியே."

"எடுத்தேன்."

"அப்புறம் என்ன?"

"தண்ணியில இருந்தப்போ நீ யாரைக் கூப்பிட்ட?"

அவனுக்கு முதலில் விளங்கவே இல்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. பிறகு விளங்கியது.

"அது... பதட்டத்துல யாரையாவது கூப்பிடறதுதானே."

எர்மான்ஸுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்ததால் அழவில்லை.

"ஆசோர் போற வழியில பிரியாக் இருக்க மாட்டாரு, ஜெர்வே. நான் மட்டும்தான் இருப்பேன்."

ஜெர்வே ஈரச் சட்டையோடு பின்படியிலேயே உட்கார்ந்தான். அவள் பாயை இழுத்துக் கட்டி, படகை லெ மாரன் பக்கம் திருப்பினாள். துறை வந்து சேரும் வரை சுக்கானை யாரும் கேட்கவில்லை.