பதினாலு வைரஸ், பத்துக்கு முடியுமா?

திரைச்சீலைக் கடைக்காரருக்கு அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குப் புது ஹோட்டல்காரரிடம் நாற்பது அறைக்கும் டிசைன் காட்ட வேண்டும். டிசைன் எல்லாம் தயாராக வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. ஆனால் அவர் வீட்டில் எதை வரைந்தாலும் மறுநாளே எதிர்க்கடை ஜன்னலில் தொங்கியது. பூப்போட்டது போயிற்று, கட்டம் போட்டது போயிற்று, போன வாரம் மயில்கழுத்துப் பட்டையும் போயிற்று. எதிர்க்கடை யாரோ ஒருவருடையது இல்லை, மனைவியின் கூடப்பிறந்த தம்பியுடையது.

“உன் தம்பிகிட்ட ஏதாவது உளறினியா?” என்று முந்தாநாள் மனைவியிடம் வாய்தவறிக் கேட்டுவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. அவள் தட்டை வைக்கும் சத்தத்திலேயே முழுத் திட்டும் அடங்கியிருந்தது.

வேறு வழியில்லாமல், ஒட்டுக்கேட்கும் சமாச்சாரம் கம்ப்யூட்டருக்குள் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வரவழைத்தார். தோளில் பை மாட்டிய ஒரு பெண் வந்தாள். வந்ததும் நெட் ஒயரைப் பிடுங்கினாள், தன் பென் டிரைவைச் சொருகினாள், அரைமணி நேரம் சூயிங்கம் மென்றாள்.

“பதினாலு இருக்கு சார்.”

“பதினாலா? வாயில வந்ததைச் சொல்லாதேம்மா. பத்துன்னு முடி.”

“சார், இது விலை இல்ல. உள்ள இருக்குற வைரஸ்.”

“சரி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், பன்னெண்டு.”

சமையலறையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

பதிமூன்று வெறும் குப்பை. இலவசக் கடிகாரம், இலவச மழை அறிவிப்பு, திரையில் குறுக்கே பறக்கும் இலவசக் கிளி. இலவசம் என்று கண்ணில் பட்டால் கடைக்காரரின் விரல் சும்மா இருக்காது.

“பதினாலாவதுதான் சார் ஆளு. உங்க ஸ்கிரீன்ல தெரியறதை அப்படியே இன்னொரு இடத்துல காட்டுது. அங்க இருந்துக்கிட்டு இதுல டைப்கூட அடிக்கலாம்.”

“நான் விடவே இல்லையே!”

“விட்டிருக்கீங்க. போன மாசம் ஒன்பதாம் தேதி, நீங்களே ‘அனுமதி’ன்னு அமுக்கியிருக்கீங்க.”

அப்போதுதான் பொறி தட்டியது. ‘ஆயிரம் டிசைன் மாமா, சும்மாவே வச்சுக்குங்க’ என்று மச்சினன் ஒரு பென் டிரைவ் கொடுத்திருந்தான். அதைத் திறந்ததும் ஒரு பெட்டி முளைத்து, கேமரா, மைக், ஸ்கிரீன் மூன்றுக்கும் அனுமதி கேட்டது.

“எடுத்த எடுப்பிலேயே ஒத்துக்கிட்டா நான் என்ன வியாபாரி? முடியாதுன்னு அமுக்கினேன். மைக்கும் ஸ்கிரீனும் போதும்னு இறங்கி வந்தான். மறுபடி முடியாதுன்னேன். கடைசியில ஸ்கிரீன் மட்டும்னு கெஞ்சினான். போனாப் போகுதுன்னு விட்டேன். மூணு கேட்டவனை ஒண்ணுக்கு இறக்கியிருக்கேன்மா!”

“நல்லா இறக்கினீங்க. இந்தக் கம்ப்யூட்டர்ல கேமராவும் கிடையாது, மைக்கும் கிடையாது.”

கடைக்காரர் முகம் தொங்கிப்போயிற்று. சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். இரண்டு நாள் கழித்து முதல் வார்த்தை வந்தது.

“இப்ப உளறினது யாரு?”

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். “இதை எடுத்துடட்டுமா?” என்றாள் அந்தப் பெண்.

“இரும்மா. அந்த ஒயரை மாட்டு.”

வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து ஒற்றை விரலால் அடித்தார்: ‘மச்சினா, நீ பாக்குறது தெரியும். ஹோட்டல் பக்கம் தலை வச்சுப் படுக்காதே.’

கொஞ்ச நேரத்தில் எழுத்துகள் தானாக ஊர்ந்தன. ‘கோபம் எதுக்கு மாமா. உங்களுக்கு இருபது ரூம், எனக்கு இருபது.’

கடைக்காரருக்கு உயிர் வந்தது. திருட்டுப் பயல்தான், ஆனால் படியாத பேரம் இல்லையே! ‘எனக்கு முப்பத்தெட்டு’ என்றார். ‘இருபத்தஞ்சு’ என்றான். ‘முப்பத்தேழு, வராந்தாவை நீ வச்சுக்கோ’ என்றார். அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மனைவி அவரை நாற்காலியோடு ஓரமாகத் தள்ளிவிட்டு அடித்தாள்:

‘டேய். அக்கா.’

ஊர்ந்துகொண்டிருந்த எழுத்து பாதியில் நின்றது.

‘நாற்பதும் மாமாவுக்கு. ஹோட்டல் பக்கம் உன்னைப் பார்த்தேன், காலை ஒடிச்சிருவேன்.’

பாதியில் நின்ற எழுத்து தானாக அழிந்தது. பிறகு, ‘சரிக்கா.’

“அவ்வளவுதானா?” கடைக்காரருக்குத் தாங்கவில்லை. “இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா அவன் ஜன்னல்ல தொங்குறதையும் கழட்ட வச்சிருக்கலாமே!”

“அது கிடக்கட்டும். என் மேல சந்தேகப்பட்டீங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?”

“தப்புதான்.”

“கட்டாது.”

“பெரிய தப்பு.”

“இன்னும் மேல வாங்க.”

அந்தப் பெண் ஒயரை மறுபடி பிடுங்கிவிட்டுப் பதினாலையும் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள். ஏழாவது போவதற்குள் கடைக்காரர் ‘மகா தப்பு’ வரை ஏறியிருந்தார். மனைவி இன்னும் தலையாட்டவில்லை.